உரத்தொட்டிக்கும் பத்தியம் உண்டு!

"மூணு மாசமா காய்கறித் தோல் போட்டுட்டு வரேங்க. உரத்தைக் காணோம். புழுவும் நாத்தமும்தான் மிச்சம். கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க!"

சேலையூரில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஒரு இல்லத்தரசியின் புலம்பல் இது. தொட்டியைக் கிளறிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தோலோடு தோலாக மீந்துபோன மீன்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை சிக்கன் எலும்பு, புளித்த தயிர், எண்ணெயில் ஊறிய அப்பளம்... எல்லாம் உள்ளே!

மீனும் கறியும் மக்காதா என்று கேட்பீர்கள். மக்கும். ஆனால், பெரிய உரக் கிடங்கில் குவியலுக்குள் 55 டிகிரி செல்சியஸ் சூடு நாள்கணக்கில் நிற்கும். நோய்க்கிருமிகள் அதில்தான் சாகும். நம் வீட்டு மண்தொட்டிக்கு அவ்வளவு சூடு ஏது? எண்ணெயும் கொழுப்பும் இலைதழையின் மேல் படிந்து காற்றை அடைத்துவிடுகின்றன. காற்றில்லாமல் மக்கினால் அது உரமாகாது, அழுகல்தான். ஈ மொய்க்கும், பிறகு எலி வரும். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். எனவே மீன், கறி, எலும்பு, பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், அதற்குத் தடையில்லை. மீந்த சாதமா? ஒரு பிடி போதும். அதன்மேல் இரண்டு பிடி தேங்காய் நார்த்தூளைத் தூவி மூடிவிடுங்கள்.

அடுத்தது, நாய் பூனைகளின் கழிவு. மாட்டுச்சாணம் போடுகிறோமே, இதைப் போட்டால் என்ன என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது! நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த மண்ணில் விளையாடிய குழந்தை கை கழுவாமல் சாப்பிட்டால், புழு கண்வரை போய்ப் பார்வையைக் கெடுத்துவிடக்கூடும். பூனைக்கழிவில் இருக்கும் கிருமி கர்ப்பிணிகளின் வயிற்றில் வளரும் சிசுவையே பாதிக்கும். குழந்தையின் டயபர், நாப்கின் இரண்டும் இதே கணக்குதான். போதாக்குறைக்கு அவற்றில் பிளாஸ்டிக் வேறு.

காலாவதியான மாத்திரைகளைத் 'தூக்கிப் போடுவானேன்' என்று தொட்டியில் கொட்டாதீர்கள். ஆன்டிபயாடிக் மருந்து, உரமாக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். பேட்டரி, ட்யூப்லைட், பெயின்ட் ஒட்டிய மரத்தூள் எல்லாவற்றையும் தனியாகக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

பூஜை அறைப் பூவா? வாழைநாரில் தொடுத்ததென்றால் அப்படியே போடலாம். நைலான் நூலில் தொடுத்த சரமென்றால் பூவை உதிர்த்துப் போட்டு நூலைத் தனியாக எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உரத்தைச் சலிக்கும்போது நூல் முழுசாக வந்து நிற்கும்!

தேங்காய் ஓட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது லேசில் மக்காது. போதாததற்குக் கவிழ்ந்து கிடக்காமல் நிமிர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கிவிடும். டெங்கு கொசுவுக்கு அதுவே போதும். முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி 2015 வெள்ளத்தில் மூழ்கிய தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் குழி தோண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் குழி நிரம்பி அழுகிய நீர் கிணற்றுப் பக்கம் போகும். செங்கல் மேல் தூக்கிவைத்த, அடியில் ஓட்டை போட்ட தொட்டிதான் நல்லது.

மண்புழு வளர்ப்பவர்களுக்குப் பத்தியம் இன்னும் கொஞ்சம் கடுமை. 1990-களிலேயே பம்மலில் பெண்கள் ஒன்றுசேர்ந்து தெருக்குப்பையைப் பிரித்து மண்புழு உரம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்புழுவுக்கு ஊறுகாய், உப்பு, மிளகாய், எலுமிச்சைத் தோல் இதெல்லாம் ஆகாது. தோல் எரிந்து தொட்டியை விட்டே ஓடப்பார்க்கும்.

பூச்சி பிடித்த கத்தரிச்செடி, வேரோடு பிடுங்கிய கோரை, பூத்த பார்த்தீனியம் இவையும் வேண்டாம். வீட்டுச் சூட்டில் விதை சாகாது. உரத்தோடு சேர்த்துக் களையையும் நீங்களே விதைத்த மாதிரி ஆகிவிடும்.

சேலையூர்க்காரர் தொட்டியைக் காலிசெய்து, கழுவிக் காயவைத்து, புதிதாக ஆரம்பித்திருக்கிறார். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறல். "இப்ப நாத்தமே இல்லீங்க. கீழ் வீட்டம்மாவே ஒரு டப்பா உரம் கேட்டிருக்காங்க!" என்கிறார்.