ஒயில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு உழவு இயந்திரம் வெறும் வாகனம் அல்ல. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக நகர்ந்தபோதும், பல குடும்பங்களின் முதியோரையும் பிள்ளைகளையும் நெல் மூடைகளையும் கூரைத் தகரங்களையும் ஏற்றிச் சென்றது அதன் பெட்டிதான். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகை வயலை நம்பியிருப்போருக்கும், கூலிக்கு உழுது பிழைப்போருக்கும் இன்றும் அதுவே முதல். மழை விழுந்து விதைப்பு தொடங்கும் வேளையில் இயந்திரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், அந்தப் போகமே கைவிட்டுப் போய்விடும்.

எம்மவரிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை பழையவை. மசி பேர்கசன் 35, 135, 240 ஆகியனவும், அவற்றின் வழிவந்த சென்னைத் தயாரிப்பான டாஃபே இயந்திரங்களும் இன்னும் வயலில் ஓடுகின்றன. இவற்றின் முகப்பில் உள்ள ஒயில் விளக்கை, அல்லது ஒயில் மானியை, நம்மில் பலர் கவனிப்பதில்லை. சிலர் விளக்கு எரிந்தாலும் "அது அப்படித்தான்" என்று ஓட்டுகிறார்கள். வேறு சிலர் விளக்கு எரிந்தவுடன் இஞ்சின் போய்விட்டதென்று பயந்து, கடன்பட்டு முழுவதையும் கழற்றுகிறார்கள். இரண்டுமே நட்டம் தரும். குற்றம் இஞ்சினிலா, ஒரு சிறிய சுவிச்சிலா என்பதை நாமே சோதித்து அறியலாம்.

ஒயில் அமுக்கம் ஏன் தேவை?

இஞ்சினின் அடியிலுள்ள தொட்டியில் இருந்து ஒயிலைப் பம்பி உறிஞ்சி, வடியினூடாகத் தள்ளி, கிராங் பெயரிங்குகளுக்கும் மேலே வால்வுகளுக்கும் அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் பெயரிங்குக்கும் இடையே ஒரு மெல்லிய ஒயில் படலம் நிற்பதால் இரும்பும் இரும்பும் உரசுவதில்லை. அந்தப் படலத்தை நிறுத்தி வைப்பது ஒயிலின் அமுக்கம். அமுக்கம் விழுந்தால் சில நிமிடங்களிலேயே பெயரிங் சூடேறித் தேய்ந்து, கடைசியில் தண்டைப் பிடித்துவிடும்.

மசி பேர்கசன் 135, 240 ஆகியவற்றில் உள்ள மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இஞ்சினுக்கு, நன்கு சூடேறி முழு வேகத்தில் ஓடும்போது சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 30 இறாத்தல் அமுக்கம் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது இது குறைவாகவே காட்டும். அதையிட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

அமுக்கத்தைக் காட்டும் மூன்று வகை

முதலாவது, விளக்குச் சுவிச்சு. இதற்குப் பெரும்பாலும் ஒரே வயர்தான் உண்டு. உள்ளே ஒரு மெல்லிய தகடும் வில்லும் இருக்கின்றன. அமுக்கம் இல்லாதபோது சுவிச்சு வயரை இஞ்சின் உடலோடு இணைக்கிறது, விளக்கு எரிகிறது. இஞ்சின் ஓடி அமுக்கம் ஏறியதும் ஒயில் தகட்டைத் தள்ளுகிறது. இணைப்பு விடுபட்டு விளக்கு அணைகிறது. இது மிகக் குறைந்த அமுக்கத்திலேயே அணைந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்திருப்பதால் அமுக்கம் போதுமானது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடும்போது விளக்கு எரிந்தால் அது கடைசி எச்சரிக்கை.

இரண்டாவது, மெல்லிய செப்புக் குழாயினூடாக ஒயிலே நேரில் மானிக்குச் செல்லும் வகை. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் குழாய் வெடித்தால் ஒயில் முழுவதும் வெளியே கொட்டிவிடும்.

மூன்றாவது, மின்சார மானி. இதன் உணரி அமுக்கத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. முள் அதற்கேற்ப நகர்கிறது.

விளக்கு எரிந்தால் உடனே செய்ய வேண்டியவை

இஞ்சினை உடனே நிறுத்துங்கள். வரம்பு வரை போவோம், வீடு வரை போவோம் என்று எண்ண வேண்டாம். சமமான இடத்தில் 10 நிமிடம் விட்டு, ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் இட்டுப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் உரிய அளவுக்கு ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். அளவு கூடியிருந்து டீசல் மணத்தால், டீசல் கலந்துவிட்டது. பால் போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது. இவ்விரண்டிலும் இஞ்சினை மீண்டும் இயக்கலாகாது.

ஒயில் அளவும் நிறமும் சரியாயின், பின்வரும் சோதனைகளைச் செய்யலாம். முதல் இரண்டுக்கும் இஞ்சினை ஓட்ட வேண்டியதில்லை.

1. திறப்பைப் போடுங்கள், இஞ்சினை இயக்க வேண்டாம். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், சுவிச்சில் உள்ள வயரைக் கழற்றி அதன் நுனியை இஞ்சினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். இப்போது எரிந்தால் சுவிச்சு பழுது. இப்போதும் எரியாவிட்டால் மின்குமிழ், பியூஸ் அல்லது வயர் பழுது. விளக்கு ஒருபோதும் எரியாத இயந்திரம் நல்ல இயந்திரம் அல்ல. அது எச்சரிக்க முடியாத இயந்திரம்.

2. ஓடும்போது விளக்கு அணையாதிருந்தால், இஞ்சினை நிறுத்தித் திறப்பை மட்டும் போட்டு, சுவிச்சின் வயரைக் கழற்றி எதிலும் படாமல் பிடியுங்கள். விளக்கு தொடர்ந்து எரிந்தால், வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது. எலி கடித்த இடத்தையும் சூட்டில் உருகிய இடத்தையும் தேடுங்கள். விளக்கு அணைந்தால் வயர் நல்லது. குற்றம் சுவிச்சில், அல்லது அமுக்கம் உண்மையாகவே இல்லை.

3. இதை முடிவுசெய்ய ஒரே வழி, சுவிச்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு சோதனை மானியைப் பூட்டிப் பார்ப்பதுதான். கராஜ்களில் இது இருக்கும். இயக்கிச் சில விநாடிகளில் முள் எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எழுந்தால், இஞ்சின் சூடேறிய பின் மேலே கூறிய 30 இறாத்தலோடு ஒப்பிடுங்கள். சரியாயின் சுவிச்சை மாற்றினால் போதும்.

மின்சார மானி உள்ள இயந்திரத்தில், உணரியின் வயரைக் கழற்றினால் முள் ஒரு முனைக்கும், அதை இரும்பில் ஒரு கணம் தொட்டால் மறு முனைக்கும் போக வேண்டும். போனால் மானியும் வயரும் நல்லவை. உணரியையே சந்தேகிக்க வேண்டும். நெடுநேரம் தொட்டுப் பிடித்தால் மானி எரிந்துவிடலாம்.

சுவிச்சை மாற்றும் முறை

சுவிச்சு இஞ்சினின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒயில் வடிக்கு அண்மையில் இருக்கும். வயரைப் பின்தொடர்ந்து சென்றால் கண்டுகொள்ளலாம்.

1. இஞ்சின் ஆறிய பின்பே வேலையைத் தொடங்குங்கள். சூடான ஒயில் கையைச் சுட்டுவிடும். பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி வையுங்கள்.

2. சுவிச்சைச் சுற்றியுள்ள சேற்றையும் தூசையும் டீசல் தோய்த்த துணியால் துடையுங்கள். துளைக்குள் ஒரு மணல் விழுந்தாலும் அது பெயரிங்குக்குப் போகலாம்.

3. கீழே ஒரு தகரத்தை வைத்து, சரியான அளவு ஸ்பனரால் இடப்பக்கமாகச் சுழற்றிக் கழற்றுங்கள். குறட்டால் பிடித்தால் மூலை மழுங்கும். சிறிது ஒயில் வடியும்.

4. பழைய சுவிச்சைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். புரிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் வேறுபடும். பொருந்தாததை வலிந்து முறுக்கினால் இஞ்சின் உடலின் புரியே உடைந்துவிடும். கையால் இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போனால்தான் அது சரியான சுவிச்சு.

5. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பைத் தாராளமாகச் சுற்ற வேண்டாம். அதன் துண்டுகள் ஒயில் வழியை அடைக்கும்; சுவிச்சு இஞ்சின் உடலோடு தொடுவதையும் தடுக்கும். தேவையாயின் முதற் புரியை விட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள்.

6. கையால் பூட்டி, பின் ஸ்பனரால் அளவாக இறுக்குங்கள். வயர் நுனியை உரசித் துலக்கி மாட்டுங்கள். பற்றரியை இணைத்துத் திறப்பைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். இயக்கியதும் சில விநாடிகளில் அணைய வேண்டும். ஒழுக்கு உண்டா என்று பார்த்து, ஒயில் அளவையும் மீண்டும் பாருங்கள்.

சுவிச்சு நல்லதாயின்

சோதனை மானியும் குறைவாகவே காட்டினால் குற்றம் உள்ளே இருக்கிறது. மலிவானதில் இருந்து தொடங்குங்கள். முதலில் உரிய தடிப்புள்ள புதிய ஒயிலும் புதிய வடியும் இட்டுப் பாருங்கள். அடுத்தது, அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கலாம். தொட்டியின் உள்ளே உள்ள உறிஞ்சும் சல்லடை அடைபட்டிருக்கலாம். பம்பியும் பெயரிங்கும் தேய்ந்திருப்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஒயிலில் டீசல் கலந்திருந்தால், டீசலை ஏற்றும் சிறு பம்பியின் உள்தகடு கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது வீண்.

ஒயில் நீர்த்துப் போவது எமக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஒயிலை நீராக்கும். இத்தகைய இஞ்சினுக்கு ஒயிலை வழக்கத்திலும் விரைவாக மாற்ற வேண்டும்.

நெடுநாள் நின்ற இயந்திரம்

இடப்பெயர்வினால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நின்ற இயந்திரத்தை எடுத்தவுடன் இயக்கலாகாது. அதன் பெயரிங்குகளில் இருந்த ஒயில் வடிந்து போயிருக்கும். பழைய ஒயிலை வடித்து, புதிய ஒயிலும் வடியும் இடுங்கள். பின்பு டீசலை நிறுத்தும் இழுவையை இழுத்துப் பிடித்தபடி ஸ்ராற்றரால் 10 விநாடி சுற்றுங்கள். சிறிது ஆறவிட்டு மீண்டும் சுற்றுங்கள். விளக்கு அணைந்த பின், அல்லது முள் அசைந்த பின், இயக்குங்கள். பல தடவை சுற்றியும் மாற்றம் இல்லையாயின், சுவிச்சைக் கழற்றி மீண்டும் சுற்றிப் பாருங்கள். துளையால் ஒயில் பாய்ந்தால் பம்பி ஒயிலை அனுப்புகிறது. வராவிட்டால் இயக்காமலே கராஜ்காரரை அழையுங்கள்.

நாலைந்து குடும்பங்கள் ஒரு இயந்திரத்தைக் கூட்டாக வைத்திருக்கும் இடங்களில், ஓட்டுபவர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒயிலைப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்லாமல் போகிறது. காலையில் திறப்பை வாங்குபவரே ஒயில் கம்பியைப் பார்க்க வேண்டும்; திறப்பைப் போட்டதும் விளக்கு எரிகிறதா, இயக்கியதும் அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை எல்லோரும் கூடி ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். விதைப்பு நாட்களில் இஞ்சின் கராஜில் கிடக்காமல் வயலில் நிற்பதற்கு இந்த இரண்டு நிமிடமே காவல்.