செண்டுமல்லி பூச்சியை விரட்டுமா?

"தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே ஒரு செண்டுமல்லி வைத்தால் பூச்சியே அண்டாதாமே?" என்று கேட்கிறார் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வாசகி ஒருவர்.

வயலில் கதை நேர்மாறு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடச் சொன்னது, பூச்சி தக்காளியை விட்டு அதனிடம் வர வேண்டும் என்பதற்காக! 25 நாள் தக்காளி நாற்றுடன் 45 நாள் செண்டுமல்லி நாற்றை நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மஞ்சள் பூவை நாடி முட்டையிடும். அந்தப் புழுவைப் பொறுக்கி அழிக்காவிட்டால், நாமே புழுப்பண்ணை வைத்த மாதிரிதான்.

விரட்டல் அல்ல, கொலையே நடப்பது மண்ணுக்கடியில். தக்காளி வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நூற்புழு, வேருக்குள் நுழையும் இளம் பருவத்தில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. செண்டுமல்லி வேரிலுள்ள ஆல்ஃபா டெர்தைனில் அதற்கு எமன். இந்த வேதிப்பொருள் இதழிலிருந்து 1947இல் பிரித்தெடுக்கப்பட்டது. நூற்புழுவைக் கொல்லும் என்று 1958இல் நெதர்லாந்துக்காரர்கள் காட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

வேடிக்கை என்னவென்றால், இது வெளிச்சத்தில் வேலைசெய்யும் நஞ்சு. புற ஊதாக் கதிர் பட்டால் ஆக்சிஜனை வெறிகொள்ளச் செய்து உயிரணுக்களைச் சிதைக்கும். வேரிலோ கும்மிருட்டு. அங்கே எப்படி? புழு வேரைத் துளைத்து நுழைந்ததும், வேரின் பெராக்சிடேஸ் நொதி வெளிச்சத்தின் வேலையைச் செய்துவிடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். உள்ளே வந்து சுவிட்சைத் தொட்ட திருடனுக்கு மட்டும் ஷாக் அடிக்கும் வீடு என்று வையுங்கள். திருடன் வராத மாதம் கரண்ட் பில் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுக்கவும் வழியில்லை.

அந்தப் பக்கத்து வீடுதான் உங்கள் தக்காளி. பாத்தி முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பிறகு அதே மண்ணில் தக்காளி வைத்தால் பலன் உண்டு. தொட்டிக்கொன்று வைத்தால் ஆயுதபூசைக்கு மாலை கட்டலாம்.

நன்மை செய்யும் பூச்சிகள்தான் வேண்டுமென்றால், புழு முட்டைகளுக்குள் தம் முட்டையை இட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கூப்பிடுங்கள். தேன் குடிக்க அவற்றுக்கு நீள நாக்கு இல்லை. அடுக்குச் செண்டுமல்லியின் ஆழத்தில் தேன் எட்டாது. கொத்தமல்லிப் பூவில் தேன் மேலாகவே இருக்கும். சமையலறைத் தனியாவை உடைத்து ஒரு பிடி விதையுங்கள். ரசத்துக்குக் கிள்ளாமல் கொஞ்சம் பூக்கவிடுங்கள்.