யூதாசு என்று அழைக்கலாமா?

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ மாநகரில் கால்பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரு கழகங்களுள் ஒன்றின்மீது கொண்ட பற்று, பாட்டன் வீட்டு நிலம்போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது.

செல்டிக் கழகம் பிறந்த கதை நம் வாசகர்களுக்கு உவப்பளிக்கும். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில், பசியால் வாடிய பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டு, மரிஸ்டு சபை அருட்சகோதரர் வால்ஃபிரிட் 1887-ஆம் ஆண்டு தூய மரியன்னை பங்கின் மண்டபத்தில் அதனைத் தோற்றுவித்தார். பதினைந்து ஆண்டுகள் மூத்ததான ரேஞ்சர்ஸ், காலப்போக்கில் புரோட்டஸ்டாண்டு மக்களின் கழகமாயிற்று. கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்னும் எழுதாச் சட்டம் பல பத்தாண்டுகள் அங்கு நிலவியது. செல்டிக்கிலோ அத்தகைய தடையில்லை. 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அதன் அணியை உருவாக்கிய ஜாக் ஸ்டீன் புரோட்டஸ்டாண்டுக் குடும்பத்தவரே.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். மோ ஜான்ஸ்டன் என்னும் கத்தோலிக்கர் 1984 முதல் 1987 வரை செல்டிக்குக்காகக் கோல்களைக் குவித்தவர். பின்னர் பிரான்சின் நான்த் கழகத்துக்குச் சென்றார். 1989 மே மாதம், செல்டிக்கின் சட்டையை அணிந்து செய்தியாளர்முன் தோன்றி, பழைய கழகத்துக்கே திரும்புவதாக அறிவித்தார். இரசிகர்கள் அகமகிழ்ந்தனர். இரண்டு திங்கள் கழியவில்லை. ஜூலை 10-ஆம் நாள் ரேஞ்சர்ஸ் மேலாளர் கிரேம் சூனஸ் அவரைத் தம் கழகத்தின் புதிய வீரராக அறிமுகம் செய்தார். விலை பதினைந்து இலட்சம் பவுன்.

செல்டிக் மக்கள் அவரை யூதாசு என்றனர். ரேஞ்சர்ஸ் இரசிகருள் சிலரோ, கத்தோலிக்கன் நம் அணியிலா என்று கழுத்துத்துண்டுகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். ஒரே மனிதர்மீது இரு தரப்பும் சினங்கொண்டன. எனினும் இரு சினங்களும் ஒன்றல்ல. முன்னது ஏமாற்றப்பட்டவர் சினம். பின்னது வெறுப்பின் சினம்.

நன்னெறி நூலார் ஒரு செயலை அளக்கும்போது செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் நோக்குவர். உழைப்பவன் ஓரிடம் விட்டு வேறிடம் போவது குற்றமன்று. ஆட்டக்காரனும் கூலிக்கு உழைப்பவனே, அதிலும் அவன் உழைக்கும் காலம் மிகக் குறுகியது. ஆனால் ஊரறியச் சொன்ன சொல்லை மீறியது குற்றமே. அவர் ரேஞ்சர்ஸிடம் போனதில் அன்று, வருவேன் என்று சொல்லி வராமற் போனதில்தான் பிழை இருக்கிறது என்பது நம் கருத்து.

வாங்கியவர் செயல் இன்னும் சிக்கலானது. அநீதியான ஒரு தடையை உடைத்தது நற்செயல். போட்டியாளன் கைக்கெட்டியதைப் பறித்து அவனை நாணச் செய்ததில் அத்தகைய பெருமை இல்லை. இரண்டும் ஒரே கையொப்பத்தில் நிகழ்ந்தன. சூனஸின் உள்ளத்தில் எது மிகுந்திருந்தது என்பதைத் தீர்ப்பிட நாம் யார்?

செல்டிக் அன்பர்கள் தங்கள் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்க்கலாம். எடின்பரோ நகரில் தூய பேட்ரிக் பங்கின் அயர்லாந்து இளைஞர்களுக்காக 1875-இல் தோன்றியது ஹிபர்னியன் கழகம். 1887-இல் ஸ்காட்லாந்துக் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆண்டே அதன் சிறந்த வீரர் பலரைப் புதிதாய்ப் பிறந்த செல்டிக் ஈர்த்துக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காகத் தொடங்கிய கழகம், மற்றொரு பங்கின் கழகத்தை வெறுமையாக்கியது! வேறு இன்னல்களும் சேர, 1891-இல் ஹிபர்னியன் சிறிது காலம் ஆடுவதையே நிறுத்த நேர்ந்தது.

யூதாசு என்னும் பெயர் இத்தனை மலிவாகப் புழங்குவது நமக்கு வருத்தமளிக்கிறது. 2000-ஆம் ஆண்டு பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட் சென்ற போர்ச்சுகல் வீரர் ஃபிகோவையும் இப்படியே தூற்றினர். 2002-இல் பார்சிலோனா அரங்கில் அவர்முன் பன்றித் தலை ஒன்று வந்து விழுந்தது. அங்கு இரு புறமும் கத்தோலிக்க மரபில் வந்தவர்களே. ஆகவே எல்லாவற்றுக்கும் சபைப் பிரிவினையைக் காரணம் காட்டுதல் இயலாது. மாசற்றவரைச் சாவுக்குக் கையளித்தவனையே ஆண்டவர் தோழன் என்று விளித்தார். பந்தாடப் போனவனுக்கு அந்தப் பெயர் எதற்கு?

1989 நவம்பர் 4-இல் ஐப்ராக்ஸ் அரங்கில் செல்டிக்குக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் ஜான்ஸ்டன். 1991-இல் அவர் எவர்ட்டன் கழகத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் கத்தோலிக்கர் பலர் ரேஞ்சர்ஸின் நீலச் சட்டையை அணிந்தனர்; 1998-இல் இத்தாலியக் கத்தோலிக்கரான லொரென்சோ அமொருசோ அக்கழகத்தின் அணித்தலைவராகவே ஆனார்.