கையெழுத்திடும் முன் கேளுங்கள்: ஏழைக்கு உள்ள சட்ட உதவி

தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் சாதிப்பதே கூட்டுறவு. நூல் வாங்குவதிலும், விதையும் உரமும் பெறுவதிலும், கடன் பெறுவதிலும் நம் அங்கத்தினர்கள் இந்த உண்மையைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், அதே அங்கத்தினர் தனியராகி விடுகிறார். வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்று கடன் வாங்குகிறார். அல்லது நியாயம் தம் பக்கம் இருந்தும் வாய் மூடி இருந்துவிடுகிறார். இவ்விரண்டும் தேவையில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பலவகைத் தொழில்கள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியோசை கேட்கிறது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு விளைகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள் இயங்குகின்றன. ஒரே வீட்டில் தந்தை தறியில் அமர, மகன் ஆலைக்குச் செல்வதும் உண்டு. ஆகவே கூலி பாக்கி, விபத்து இழப்பீடு, நில எல்லை, புரோநோட்டுக் கடன் என எந்த வழக்கும் எந்த வீட்டுக்கும் வரலாம்.

ஏழைக்கு வக்கீல் வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. 1924-லேயே பம்பாயில் ஒரு சட்ட உதவிச் சங்கம் தோன்றியது. இங்கிலாந்து 1949-இல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் நீதிபதிகள் பி. என். பகவதியும் வி. ஆர். கிருஷ்ணய்யரும் எழுபதுகளில் இதற்காகப் பெரிதும் உழைத்தனர். 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆம் திருத்தம், 39-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, இலவச சட்ட உதவி அளிப்பதை அரசின் கடமையாக்கிற்று. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்த ஏழைகளின் நிலையைக் கண்டு, வக்கீல் வைக்க இயலாதவருக்கு வக்கீல் அளிப்பது நியாயமான விசாரணையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உதவி பெறத் தகுதியுடையோரைக் கூறுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் உள்ளோர், வெள்ளம், வறட்சி, தொழிற்சாலைப் பேரிடர் முதலியவற்றால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் இதில் அடங்குவர். தொழிற்சாலைத் தொழிலாளியும் இந்த வரிசையில் இருக்கிறார் என்பதைச் சிப்காட் தொழிலாளர் அறிந்திருத்தல் அவசியம். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு மாநில அரசு விதித்த வருமான வரம்பு உண்டு. வருமானத்தைப் பற்றி உறுதிமொழிப் பத்திரம் அளித்தால், ஐயுறக் காரணம் இல்லாதவரை அதுவே போதும் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே பொதுவான நிபந்தனை.

உதவி என்பது வக்கீலின் வாதத்தோடு நிற்பதன்று. கோர்ட்டுக் கட்டணம், மனு எழுதுதல், நகல் பெறுதல், ஆவணங்களை மொழிபெயர்த்தல் ஆகிய செலவுகளும் இதில் அடங்கும். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் தெலுங்குப் பத்திரங்களோடு வருபவர்க்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்க்கும் மொழிபெயர்ப்பு மிகவும் பயன்படும்.

இதற்கு எங்கே செல்வது? திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. மாவட்ட நீதிபதியே அதன் தலைவர். பொன்னேரி, திருத்தணி போன்ற இடங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக் கொள்வார். 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். உதவி மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் உண்டு.

ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞருக்கு ஆணைக்குழுவே ஊதியம் தருகிறது. உதவி பெறுபவரிடம் அவர் ஒரு காசும் வாங்கலாகாது. யாரேனும் கேட்டால் ஆணைக்குழுவிடமே முறையிடலாம். ஊதியம் எதுவுமின்றித் தாமாக முன்வரும் வழக்கறிஞர்களும் பலர் உளர். இவர்களையும் ஏழை மக்களையும் இணைக்க 2017-இல் மத்திய அரசின் நீதித்துறை ‘நியாய பந்து’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தம் தொழிலின் ஒரு பங்கைப் பிறர்க்கு அளிக்கும் இவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆயினும் அவர்களிடம் செல்பவர் கையேந்தி நிற்பதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. சட்டம் தந்த உரிமையைக் கொண்டே செல்கிறார்.

இனி நம் சங்கங்களுக்கே உரிய ஒரு செய்தி. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, சங்கத்தின் செயல்பாடு குறித்து அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையே எழும் தாவா பதிவாளரிடம் செல்கிறது. சட்ட உதவிச் சட்டமோ ‘நீதிமன்றம்’ என்ற சொல்லில், நீதிமன்றம் போல் விசாரித்து முடிவு கூறும் அதிகாரிகளையும் சேர்த்திருக்கிறது. ஆகவே இத்தகைய தாவாவிலும் உதவி கேட்கலாம்.

வழக்கை வளர்க்காமல் முடித்துக்கொள்ள விரும்புவோர்க்கு மக்கள் நீதிமன்றம் உண்டு. கோர்ட்டில் உள்ள வழக்கு இங்கே சமரசமானால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் தீர்வு சிவில் கோர்ட்டின் தீர்ப்புக்குச் சமமானது. அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகையால் தொகையும் தவணையும் நன்கு விளங்கிய பின்னரே சம்மதிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது காலம். உருக்காலையில் விரல் இழந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலிலேயே ஒரு தாளை நீட்டி, சிறு தொகை கொடுத்து, ‘எல்லாம் தீர்ந்தது’ என்று எழுதி வாங்கப் பார்ப்பவர் உண்டு. வேலை விபத்துக்கு இழப்பீடு என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே உரிமையாக இருந்து வருகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவர்க்கு அதன் வழியே உதவி வரும். செங்கற்சூளையில் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட குடும்பத்துக்கும் வழி உண்டு. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனைச் செல்லாததாக்கி விட்டது. வட்டிக்குக் கடன் கொடுத்தவர் நெசவாளியிடம் எழுதாத புரோநோட்டில் கையெழுத்துக் கேட்டாலும் நிலைமை இதுவே. கையெழுத்துப் போட்டபின் வக்கீலைத் தேடுவது கடினமான வழி. போடும் முன் கேட்பது எளிய வழி.

சங்க நிர்வாகிகளுக்கு எம் வேண்டுகோள் மூன்று. சங்க அலுவலகச் சுவரில் 15100 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். மாதக் கூட்டங்களுள் ஒன்றுக்கேனும் வட்டக் குழுவின் வழக்கறிஞரை அழையுங்கள். படித்த இளைஞர்களைச் சட்டத் தன்னார்வலராகச் சேர ஊக்குங்கள். சக்கரமும் பட்டாவும் அறிந்தவர் சட்டமும் சிறிது அறிந்திருந்தால், அயலாருக்கு அவரே முதல் துணை.

கடனுக்காக அங்கத்தினர் தனியே வட்டிக் கடையில் நிற்கக் கூடாது என்றுதான் சங்கம் கண்டோம். நியாயத்துக்காகவும் அவர் தனியே நிற்கலாகாது.