பந்து வராத மூலை

அகமது கார்ட்னர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்காக மூன்று பருவங்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். எதிரணி பந்து வீசியபோது அவர் காவலில் நின்ற தருணங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அத்தனையிலும் அவரை ஏமாற்றி ஒருவர்கூட டச்டவுன் பிடித்ததில்லை. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் லாஸ் வேகஸ் டிராஃப்ட் 2022 ஏப்ரலில் நெருங்கியபோது, அவர் பெயர் அடிபட்ட இடமெல்லாம் இந்தப் பூஜ்யமும் கூடவே அடிபட்டது.

ஒப்பீட்டில் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெரிக் ஸ்டிங்லி ஜூனியர். 2019-ல் முதலாம் ஆண்டு மாணவராகவே ஆறு பந்துகளை இடைமறித்தவர். அந்தப் பருவத்தில் அவரது அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. ஆனால் அதற்கடுத்த இரண்டு பருவங்களில் அவர் ஆடியது மொத்தம் பத்தே ஆட்டங்கள். இடைமறிப்பு ஒன்றுகூட இல்லை. மூன்று ஆண்டுகளாகச் சீராக ஆடியவரா, ஒரே ஆண்டில் உச்சம் தொட்டவரா? யாரை முதலில் எடுப்பது?

இருவரும் கார்னர்பேக்குகள். அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். களத்தின் ஓரத்தில், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கு எதிரே அவர் தனியாக நிற்கிறார். எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடத் தொடங்கி, எதிராளி திரும்பும் நொடியில் இடுப்பைத் திருப்பி அவரோடு சேர்ந்து முன்னோக்கிப் பாய வேண்டும். தேர்ந்த கார்னர்பேக் ரிசீவரின் கண்ணையோ தோளையோ நம்புவதில்லை. அவை பொய் சொல்லும். இடுப்பைத்தான் பார்ப்பார்.

சிக்கல் இங்கேதான். ஒருவர் இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு பந்தை வீசும் எதிரணி குவார்ட்டர்பேக் அவர் பக்கமே பந்தை வீசமாட்டார். நன்றாக ஆடியதற்கான சான்று, எதுவும் நடக்கவில்லை என்பது மட்டுமே. ஸ்டிங்லியின் இடைமறிப்புகள் வற்றியதை இரண்டு விதமாகவும் படிக்கலாம்: எதிரணிகள் அஞ்சி ஒதுங்கின, அல்லது அவர் பழைய ஸ்டிங்லியாக இல்லை.

இப்படிச் சான்று மங்கலாக இருக்கும்போது தேர்வாளர்கள் அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள். உயரம், 40 கெஜ ஓட்டம், கையின் நீளம். கை அளவு வீண் வேலையல்ல. ரிசீவருக்கு முன்னால் ஓரடி இடைவெளியில் நின்று, அவர் கிளம்பும் கணத்திலேயே மார்பில் கைவைத்து ஓட்டத்தைக் குலைப்பது ஒரு பாணி. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் முதல் ஐந்து கெஜத்துக்குள் மட்டுமே அப்படித் தொட்டுத் தடுக்கலாம். கல்லூரி ஆட்டத்தில் அந்த ஐந்து கெஜ எல்லை கிடையாது. ஆறடி மூன்றங்குல உயரத்தையும் 33.5 அங்குலக் கைகளையும் கொண்ட கார்ட்னர் இந்தப் பாணிக்கென்றே பிறந்தவர் போல இருந்தார். கல்லூரியில் அந்தக் கைகள் எதிராளியின் சட்டையை விடாமல் பற்றியது தொழில்முறை ஆட்டத்தில் செல்லுமா என்ற ஐயமும் கூடவே எழுந்தது. அவரது கல்லூரி லீக்கின் தரம் குறைவு என்ற குறையும் சொல்லப்பட்டது.

ஸ்டிங்லி பற்றிய பேச்சு காலைச் சுற்றியே இருந்தது. 2021-ல் நடுப்பாதத்தில் பட்ட லிஸ்ஃபிராங்க் காயம் அவரை மூன்று ஆட்டங்களோடு உட்கார வைத்தது. உடல் ஆபத்து என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. தாத்தா டாரில் ஸ்டிங்லி, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ரிசீவர்; 1978 ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் நேர்ந்த மோதலில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 2007-ல் மறையும்வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அந்த வீட்டுப் பேரன் அதே விளையாட்டில் அடியெடுத்து வைத்ததை வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்க முடியாது.

ஸ்டிங்லியின் பக்கம் நின்றவர்கள் சுட்டிய சான்று வலுவானது. 2019-ல் பயிற்சித் திடலில் அவர் அன்றாடம் எதிர்கொண்டவர்கள் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். இருவரும் பின்னர் என்.எஃப்.எல்.லின் தலைசிறந்த ரிசீவர்களானார்கள். அவர்களோடு ஓடிப் பழகியவருக்கு லீக்கின் தரத்தைப் பற்றிய கேள்வியே எழாது.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் மூன்றாவது தேர்வில் ஸ்டிங்லியை எடுத்தது. அடுத்த தேர்விலேயே நியூயார்க் ஜெட்ஸ் கார்ட்னரை எடுத்தது.

முதல் ஆண்டு முடிந்தபோது வழக்கு முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. கார்ட்னர் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர்; 1981-ல் ரானி லாட்டுக்குப் பிறகு, ஆண்டின் தலைசிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்த முதல் புதுமுகக் கார்னர்பேக். ஸ்டிங்லியோ ஒன்பது ஆட்டங்களோடு தொடைத்தசைக் காயத்தால் நின்றுபோனார். அதுவரையில்கூட, ஆளைத் துரத்தும் ஆட்டத்தில் தேர்ந்தவரை இடத்தைக் காக்கும் ஆட்டத்தில் நிறுத்திய பயிற்சியாளரின் கீழ்தான் ஆடினார். 2023-ல் டெமீகோ ரயன்ஸ் பயிற்சியாளராக வந்த பிறகு படம் மாறியது: அந்த ஆண்டு ஐந்து இடைமறிப்புகள், 2024-ல் இன்னும் ஐந்து, கூடவே ஆல்-ப்ரோ முதல் அணி. வீரரை அளந்தவர்கள், அவரிடம் அணி என்ன வேலை வாங்கப் போகிறது என்பதையும் சேர்த்தே அளந்திருக்க வேண்டும்.

2022 டிராஃப்டின் நிஜமான பாடம் பட்டியலில் கொஞ்சம் கீழே கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிரென்ட் மெக்டஃபிக்குக் கை நீளம் 30 அங்குலத்துக்கும் குறைவு. உயரம் ஐந்தடி பதினொன்று. 21-வது தேர்வுவரை காத்திருந்தார். வேகத்துக்குப் பேர்போன டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து வாங்கிய தேர்வு ஒன்றையும் பேரத்தில் சேர்த்து, பட்டியலில் மேலே ஏறி அவரை எடுத்தது கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ்.

2024 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் சீஃப்ஸும் சான் பிரான்சிஸ்கோவும் 16-16 என்று சமநிலை. ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஐந்து கெஜம் கிடைத்தால் நேரத்தைக் கரைத்துவிட்டு முன்னிலை பெறலாம். மெக்டஃபி காவலை விட்டுவிட்டு நேராகக் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை நோக்கிப் பாய்ந்தார். எந்தத் தடுப்பாளரும் அவரைத் தொடவில்லை. பர்டி வீசிய பந்தை அந்தக் குட்டைக் கைகள் தட்டி வீழ்த்தின. சான் பிரான்சிஸ்கோ மூன்று புள்ளிகளோடு நிறைவடைய வேண்டியதாயிற்று. சீஃப்ஸ் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 25-22 என்று கோப்பையை வென்றது.

ஐந்தாம் சுற்றில், 153-வதாக, சியாட்டில் எடுத்த டாரிக் வூலனையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறடி நான்கங்குலம், 40 கெஜத்தை 4.26 நொடியில் கடந்தவர், கல்லூரியில் ரிசீவராகத் தொடங்கியவர். காவல் வேலை இன்னும் கைகூடவில்லை என்று ஒதுக்கப்பட்டவர், முதல் ஆண்டே ஆறு இடைமறிப்புகளுடன் லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

முதலிரு பெயர்களின் ஒப்பீடு சம்பளப் பட்டியலிலும் தொடர்ந்தது. 2025 மார்ச்சில் ஸ்டிங்லிக்கு மூன்று ஆண்டுக்கு ஒன்பது கோடி டாலர். ஜூலையில் கார்ட்னருக்கு நான்கு ஆண்டுக்கு 12.04 கோடி, ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் டாலர் கூடுதல். நான்கே மாதத்தில், நவம்பரில், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு ரிசீவரையும் வாங்கிக்கொண்டு ஜெட்ஸ் அவரை இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு அனுப்பிவிட்டது.

(தொடரும்)