தொழிற்சாலைச் சங்கும் கால்பந்தும்

விளையாட்டையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் பேசத் தொடங்கினால், பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று கண்டு சொல்லும் கேமராக்களையும், ஆட்டக்காரரின் உடம்பில் அணிவித்து அவர் ஓடிய தூரத்தை அளக்கும் கருவிகளையும் பற்றியே பேச்சு வளர்ந்துகொண்டு போகிறது. பெங்களூரில், அல்சூரை அடுத்துப் பழைய மதராஸ் ரோட்டுப் பக்கமாக அமைந்திருக்கும் மர்பி டவுனில் நின்று இந்த உறவின் சரித்திரத்தை விசாரித்தால், அது தொழிற்சாலைச் சங்கிலிருந்து தொடங்குகிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

முன்பு நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இந்த இடத்தில், வெள்ளையர் ஆட்சியில் தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியின் எஞ்சினியராக இருந்த மர்பி என்பவர் உழைப்பாளி ஜனங்களுக்காக வீடுகளை அமைத்ததால் அவர் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. சென்னை ராணுவத்தின் பின்னாலும், அந்த ராணுவம் தந்த வேலைகளின் பின்னாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கும், பக்கத்துக் கௌதமபுரத்திலும், சற்றே தள்ளி ஆஸ்டின் டவுனிலும் தழைத்தன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய கால்பந்தை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துப் பழகிய பிள்ளைகள், சிப்பாய்கள் போன பிறகு அந்த ஆட்டத்தைத் தங்கள் சொந்த ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கௌதமபுரத்தில் புத்தருக்கும் அம்பேத்கருக்கும் சிலை இருப்பதைப் போலவே பிரேசில் நாட்டுப் பெலேவுக்கும் சிலை இருக்கிறது என்றால், அந்த ஜனங்களின் உள்ளத்தில் இந்த ஆட்டம் பெற்றிருக்கும் ஸ்தானத்தை வேறு விதமாக விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கும் தொழில்நுட்பத்துக்கும் இருந்த முதல் வழக்கு பூட்ஸைப் பற்றியது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றாலும், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் நம் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியின் குளிரிலும் ஈரத்திலும் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நம்மவர்கள் தோற்றபோது, அந்த ஒரே கோலைப் போட்ட அகமது கானும் பெங்களூர்க்காரர்தான். அந்தத் தோல்விக்குப் பிறகு பூட்ஸ் அணியாமல் ஆடக்கூடாது என்ற விதி பிறந்தது.

அந்நாளைய பூட்ஸ் எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். கணுக்காலை மூடும் கனத்த தோல். அடியில் தோலாலான கட்டைகளை ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். கட்டை தேயத் தேய ஆணி மேலே கிளம்பி உள்ளங்காலைக் குத்தும். பந்தும் தோல்தான். உள்ளே ரப்பர் பிளாடரை நுழைத்துக் காற்றடித்து, வாயை வாரால் இழுத்துக் கட்டுவார்கள். மழையில் ஊறினால் கனம் ஏறிவிடும். தலையால் முட்டும்போது அந்த வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் வழண்டுவிடும். உலகக் கோப்பையில் முழுவதும் செயற்கைப் பொருளாலான பந்து வந்தது 1986-ல்தான். வெறுங்காலால் பந்தைத் தொட்டு உணர்ந்து, அதைத் தன் இஷ்டப்படி வளைத்துப் பழகிய கலைஞனுக்கு இந்தப் பூட்ஸ் முதலில் ஒரு விலங்காகவே இருந்திருக்கும். ஆயினும், மிதிபட்டு விரல் ஒடியாமல் சம பலத்தோடு அந்நியரை எதிர்க்க அதுவே சாதனமாகவும் இருந்தது.

அந்தச் சாதனத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எளிதான செலவு அன்று. இந்த இடத்தில்தான் தொழிற்சாலைகள் வந்து சேர்கின்றன. 1940-ல் தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் தொழிற்சாலையும், பிறகு வந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் முதலிய ஸ்தாபனங்களும் தேசத்தின் நவீன விஞ்ஞானத்துக்கே கோயில்களாகக் கருதப்பட்ட காலத்தில், அவை தங்களுக்கென்று கால்பந்து அணிகளை வைத்துப் போற்றின; நன்றாக ஆடும் பையனுக்கு உத்தியோகம் கொடுத்தன; பூட்ஸும் பனியனும் வாங்கித் தந்தன; பயிற்சிக்கென்று ஷிப்டிலிருந்து முன்னதாக விடுவித்தன. பகலில் டெலிபோனின் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தவன் மாலையில் வலதுபுற விங்கில் ஓடினான். விமானத் தகட்டுக்கு ரிவெட் அடித்தவன் கோல்கம்பங்களின் நடுவே நின்றான். சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் வென்றதற்கும், 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகம் இடம்பெற்றதற்கும் இந்த நகரத்தின் மைதானங்களும், அவற்றைத் தாங்கி நின்ற இத்தகைய ஜீவனோபாயமும் பெரிய காரணங்கள் என்று நான் நம்புகிறேன்.

விளையாட்டும் தான் பெற்றதைத் திருப்பித் தராமல் இருக்கவில்லை. 1982-ல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டை வண்ணத்தில் காட்ட வேண்டும் என்ற அவசரமே நம் நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. சின்னசாமி ஸ்டேடியத்தில் மழை நின்ற சிறிது நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவதற்காக, தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து நீரை உறிஞ்சியெடுக்கும் யந்திர ஏற்பாட்டை 2017-ல் செய்தார்கள்; கிரிக்கெட் மைதானங்களில் உலகிலேயே அதுதான் முதலாவது. 2022 உலகக் கோப்பைப் பந்தின் நடுவே வைத்த உணர்கருவி விநாடிக்கு 500 தடவை செய்தி அனுப்பியது. இவையெல்லாம் மெச்சத்தக்கவை.

அந்த மெச்சத்தக்க சாதனங்கள் இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதையும் பெங்களூர் பார்த்துவிட்டது. 2023 மார்ச் 3 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில், எதிரணி தயாராகுமுன் பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைவாக அடித்துக் கோலாக்க, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை விட்டே வெளியேறினார்கள். வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை நம் லீகில் அப்போது இல்லை. அன்றிரவு தொடங்கி, நடுவர் செய்தது சரியா தவறா என்று டீக்கடைகளில் கைப்பேசியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்து வாதாடினவர்கள் பலர். நடுவரிடம் இல்லாத சாதனம் ரசிகனின் சட்டைப் பையில் இருந்தது.

மர்பி டவுன் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு மாலை, கைப்பேசியைச் செங்கல்லின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு சிறுவன் சுவரைப் பார்த்து இடது காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். சில அடிகளுக்கு ஒரு முறை ஓடிவந்து, படத்தை மெதுவாக ஓடவிட்டு, ஊன்றிய கால் பந்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தன் தம்பிக்குக் காட்டினான். “பாருடா, காலை ரொம்பப் பின்னாடி வெச்சுட்டேன்” என்றான். பழைய காலத்தில் ஒரு தேர்ந்த கோச்சின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. அந்தப் பிள்ளையின் கூர்மையைக் கண்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது. அவன் அடித்தது சுவரின்மேல், மைதானத்தில் அல்ல. நகரெங்கும் செயற்கைப் புல் விரித்த சிறு டர்ஃப்கள் முளைத்திருக்கின்றன. செயலியில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டினால் இரவிலும் விளக்கொளியில் ஆடலாம். மென்பொருள் கம்பெனியில் நாள் முழுதும் உட்கார்ந்து தேகம் மரத்துப்போனவர்களுக்கு அவை பெரிய உபகாரம். பத்துப் பேர் சேர்ந்து காசு போட்டாலும் அந்த வாடகை எட்டாத பிள்ளைகளுக்கு, கம்பி வலைக்கு வெளியே நிற்பதுதான் மிஞ்சுகிறது.

விமானத் தொழிற்சாலை அணி அந்நாளைய தேசிய லீகான ஐ-லீகில் ஆடிய பருவங்கள் 2012-ஓடு முடிந்தன. பெரிய ஸ்தாபனங்கள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பதும் குறைந்துவிட்டது. தொழில்முறைக் கிளப்புகள் வந்திருக்கின்றன. 2013-ல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. முதல் பருவத்திலேயே ஐ-லீகை வென்றது. கிளப்பில் இடம் கிடைப்பது வெகு சிலருக்கே. தொழிற்சாலையோ லீகில் ஆடும் அளவுக்குத் தேறிய அநேகருக்கு, கால் ஓய்ந்த பிறகும் பென்ஷன் வரும்வரை சோறு போட்டது. பழைய டெலிபோனும் விமானமும் செய்த உதவியைப் புதிய கணினிக் கம்பெனிகளும் செய்யலாம். இந்த நகரத்தில் அவற்றின் வளாகங்களுக்குக் குறைவில்லை. அந்த வளாகத்து மைதானங்களை வாரத்தில் இரண்டு மாலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். ஜில்லா லீகில் ஆளுக்கோர் அணியை இறக்கி, அதில் ஆடுபவனுக்குப் பயிற்சியோடு ஒரு வேலையும் கொடுக்கட்டும்.