துறந்தோர் துறவாதது

துறவிக்கு ஊர் ஏது என்று உலகம் வினவும். வீடும் நிலமும் சுற்றமும் நீத்தார்க்கு ஓரிடம் விட்டு வேறிடம் பெயர்தல் எளிதன்றோ? ஆயின், வன்முறை சூழுங் காலத்து அவர்தம் நம்பிக்கைக்கு நேருஞ் சோதனை இவ்வெளிமையிலேயே பிறக்கின்றது.

நம் மலையகம் இச்சோதனையை அறியாததன்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல் தமிழ் மக்களை வருத்தியது. 1983 யூலையில் நுவரெலியா, கண்டி, பதுளை நகரங்களில் தீ எழுந்தது. தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் பலர் வவுனியாப் பக்கம் ஏதிலிகளாய்ப் பெயர்ந்தனர். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையம், அக்கொடிய ஆண்டுகளிலும் தோட்டத் தொழிலாளர் பக்கமே நின்றது.

மலைகள் தாழ்ந்து தேயிலை மறையும் ஊவாவின் அடிவாரத்தே புத்தல என்னும் ஊர் உளது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடிதின் அடக்கிய வெல்லஸ்ஸப் பகுதி அது. ஆங்குள்ள பௌத்த உழவர்க்குக் கிறித்தவம் வென்றோர் சமயமாகவே தோன்றிற்று. அமலமரித் தியாகிகள் சபையைச் சார்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகள் 1980இல் அவ்வூரில் 'சுப செத் கெதர' என்னும் இல்லம் அமைத்தார். மதமாற்றம் அவர் நோக்கமன்று. ஏழையரோடு வாழ்தலே நோக்கம். தொடக்கத்தில் ஐயுற்ற பிக்குமாரும் பின்னர் நண்பராயினர்.

1987இல் தென்னிலங்கையில் ஆயுதக் கிளர்ச்சியும் அடக்குமுறையும் மூண்டன. வெளியேறுவோமா என்று அடிகளும் உடனிருந்தோரும் கூடி ஆராய்ந்து, தங்குவதெனவே துணிந்தனர். நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவியரும் இவ்வாறே ஆராய்ந்தவர். 1993ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில் ஆயுதந் தாங்கினோர் மடம் புகுந்தனர். அதன் பின்னரும் இசுலாமிய அயலாரைப் பிரிய அவர்கள் மனங்கொள்ளவில்லை. 1996 மார்ச்சில் கவர்ந்து செல்லப்பட்ட எழுவரும் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் நெடுங்காலம் அவ்வூர் மக்கட்கு மருத்துவம் செய்த முதியவர்.

உயிர் காத்தலும் அறமன்றோ எனின், அறமே. அஞ்சிப் பெயர்ந்தாரைப் பழித்தல் தகாது. ஆயினும் புத்தல உழவனுக்கும் திபிரின் இடையனுக்கும் பெயர்தற்கு வேறிடமில்லை. அவர்தம் அச்சத்தில் பங்குகொள்ளாத துறவு, இடர் வந்துழி மறையும் விருந்தினன் நட்பாகும்.

வள்ளுவர் துறவறவியலை அருளுடைமையில் தொடங்கினார். இன்னா செய்யாமை, கொல்லாமை இரண்டனையும் கூறிய பின்னரே துறவு என்னும் அதிகாரத்தை வைத்தார். இம்முறைவைப்பு மாணாக்கர் ஊன்றி நோக்கத்தக்கது. புத்தலவில் வீழ்ந்தவர் குறளைக் கற்றாரோ, அல்லரோ. அருளே முதற்படி என்பதை வாழ்ந்து காட்டினார்.